தவக்காலத்தில் ஒரு துண்டு கறி

"துன்னுடா" என்றாள் ஸ்டெல்லா அக்கா.

கரண்டி நுனியில் ஒரு துண்டு மாட்டுக்கறி ஆவி பறக்க உட்கார்ந்திருந்தது. கரண்டியின் அந்தப் பக்கம் அக்கா. இந்தப் பக்கம் என் வாய். வாய் மூடியிருந்தது.

"தவக்காலம்க்கா."

"அத்த எனுக்கே சொல்லித் தர்றியா? ஒரே சாமியார் கையாலதான ரெண்டு பேரும் நெத்தியில சாம்பல் பூசிகினோம்? துன்னு."

"ரெஜினாவுக்குத் தெரிஞ்சா..."

"ஒம் பொண்டாட்டிக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். சாமிக்கு நீ சொல்லிக்க."

வேலைப் பங்கீடு நியாயமாகத்தான் இருந்தது. ஆனாலும் நான் வாயைத் திறக்கவில்லை. பங்குனி வெயில். துறைமுகத்துக்குள் போக வேண்டிய கன்டெய்னர் லாரிகள் எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசை கட்டி நின்றன. பக்கத்து பஞ்சர் கடை முனுசாமி அண்ணன் டயர் உருட்டுவதை நிறுத்திவிட்டு, பஞ்சாயத்துக்கு வந்த பெரிய மனிதர் போலக் கைகட்டி நின்றார்.

இரண்டு பேருக்கு நடுவே ஒரு கறித்துண்டு அவ்வளவு நேரம் அநாதையாக நின்றதாக எங்கள் குடும்ப சரித்திரத்தில் வேறு தகவல் இல்லை.

போன வருடமா, அதற்கு முந்திய வருடமா என்று சரியாக நினைவில்லை. மாட்டுக்கறி விலை ஏறிக்கொண்டே போன வருடம் என்று சொன்னால் எல்லா வருடத்துக்கும் பொருந்தும்.

நீலத் தார்ப்பாய்க்குக் கீழே

ஸ்டெல்லா அக்கா என் பெரியப்பாவின் மகள். அவள் வீட்டுக்காரர் துறைமுகத்தில் கன்டெய்னர்களைக் கப்பலோடு சேர்த்து இறுக்கிக் கட்டும் வேலையில் இருந்தார். ஒருநாள் கன்டெய்னர் அசையவில்லை, மாமாவின் முதுகெலும்பு அசைந்துவிட்டது. அதிலிருந்து அவர் வீட்டில் படுத்து டிவி பார்க்கிறார். அக்கா கடை போட்டாள்.

கடை என்றால் ஒரு தள்ளுவண்டி, இரண்டு பெஞ்சு, மேலே நீலத் தார்ப்பாய். காசிமேட்டுக்கும் திருவொற்றியூருக்கும் நடுவே, லாரிகள் கட்டாயமாக நிற்கும் இடம். மதியம் ஒரு வேளைதான் வியாபாரம். சோறு, ரசம், மாட்டுக்கறிக் குழம்பு. சோறு எவ்வளவு கேட்டாலும் விழும். கறி மட்டும் எண்ணிக்கை: தட்டுக்கு ஆறு துண்டு. அதை எவனும் வாய்விட்டு எண்ணமாட்டான். எண்ணாமல் எவனும் சாப்பிடவும் மாட்டான்.

மாமாவின் மாத்திரை, வீட்டு வாடகை, பிரசவத்துக்கு வந்திருக்கும் மகள் ஜெனிஃபர், எல்லாம் அந்த ஒரு அண்டாவிலிருந்துதான் வந்தாக வேண்டும்.

நான் வேலை பார்க்கும் கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸ் அங்கிருந்து கூப்பிடு தூரம். சாப்பாடு அக்கா கடையில்தான். சொந்தக்காரன் என்பதால் எனக்கு ஏழாவது துண்டு உண்டு. சொந்தக்காரன் என்பதால் வசவும் உண்டு. இரண்டையும் சேர்த்தே ஜீரணிப்பேன்.

நாக்கில் படக்கூடாது

எங்கள் ஆட்களுக்குச் சாம்பல் புதன் வந்தால் கறி கிடையாது. சில பேர் வெள்ளிக்கிழமை மட்டும் சுத்தபோசனம் என்று சமாளிப்பார்கள். ஸ்டெல்லா அக்கா சமாளிக்கிற ரகம் இல்லை. ஈஸ்டர் வரை ஒரு துண்டு இல்லை, ஒரு சொட்டுக் குழம்பு இல்லை. அந்த வருடம் ஜெனிஃபருக்காகக் கூடுதல் வேண்டுதல் வேறு. கல்யாணமாகிப் பல வருடம் கழித்துத் தங்கிய கரு. ஈஸ்டரை ஒட்டித்தான் தேதி.

ஆனால் வியாபாரத்துக்குத் தவக்காலம் கிடையாது. லாரிக்காரன் கேட்டால் கறி போட வேண்டும். ஆகவே அந்த நாட்கள் முழுவதும் அக்கா தினமும் ஒரு அண்டா மாட்டுக்கறி சமைப்பாள், ருசி பார்க்காமல்.

"ருசி பாக்கறது சாப்பிடறதுல சேராதும்மா" என்று ஃபாதரே ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.

"நாக்குல பட்டா பட்டதுதான் ஃபாதர். நாக்குக்குத் தெரியுமா அது ருசியா சாப்பாடான்னு?"

ஃபாதர் இறையியல் படித்தவர். இந்தக் கேள்வி அவர் பாடத்திட்டத்தில் இல்லை போலிருக்கிறது. அதோடு விட்டுவிட்டார்.

எனவே ஒவ்வொரு தவக்காலத்திலும் ருசி பார்க்கும் உத்தியோகம் முனுசாமி அண்ணனுக்கு. அவருக்கு எங்கள் சர்ச்சும் இல்லை, எங்கள் சாம்பலும் இல்லை. பஞ்சர் ஒட்டிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, வேட்டியில் துடைத்து, ஒரு துண்டை வாயில் போட்டு, கண்ணை மூடி, கப்பல் போகும் திசையில் முகத்தை வைத்துக்கொண்டு மெல்லுவார். பிறகு கண்ணைத் திறந்து "எறக்கு" என்பார். அண்டா இறங்கும். சம்பளம், அந்த ஒரு துண்டு.

வெளிநாட்டில் ஒயின் ருசி பார்ப்பவர்களைப் பற்றிப் படித்திருக்கிறேன். அவர்கள் வாயில் ஊற்றியதைத் துப்பிவிடுவார்களாம். அண்ணனிடம் சொன்னபோது, "பைத்தியக்காரப் பசங்க" என்றார்.

மரியாதையான விலை

எங்கள் வீட்டில் நான் சின்னப் பையனாக இருந்தபோது மாட்டுக்கறி வாங்குவது என்பது ரகசிய நடவடிக்கை. வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரர் சைவம். அப்பா புளியந்தோப்பிலிருந்து கறியை வாங்கி, பைக்குள் அடியில் வைத்து, மேலே முளைக்கீரைக் கட்டைப் போட்டுக்கொண்டு வருவார். "என்ன, தினமும் கீரையா?" என்று வீட்டுக்காரர் மெச்சுவார். "உடம்புக்கு நல்லதுங்க" என்பார் அப்பா. இரண்டு பேரும் சொன்னது உண்மைதான்.

அப்போது ஆட்டுக்கறி தின்றவன் வசதியானவன். மாட்டுக்கறி தின்றவன் நாங்கள். விலையில் அவ்வளவு தூரம் இருந்தது. அந்தத் தூரம்தான் எங்களை வளர்த்தது என்றுகூடச் சொல்லலாம்.

இப்போது மாட்டுக்கறியும் மெல்ல மெல்ல மரியாதையான விலைக்கு வந்துவிட்டது. எங்களுக்கு அந்த மரியாதை வரவில்லை, கறிக்கு வந்துவிட்டது.

அக்காவுக்குக் கறி போடுவது புளியந்தோப்பு நூர் பாய். ஒவ்வொரு முறை விலையைச் சொல்லும்போதும் குற்றவாளி போலக் கத்தியைக் கீழே வைத்துவிட்டுத்தான் சொல்வார். "மாடு வர்றதே கம்மியாப் போச்சு ஸ்டெல்லாம்மா. வர்ற வண்டியும் வழியில நின்னு நின்னு வருது. நல்ல கறி எல்லாம் கப்பலுக்குப் போவுது. நான் இன்னா பண்ணட்டும்?"

கப்பல் எங்கள் துறைமுகத்திலிருந்துதான் போகிறது. எங்கள் ஆட்கள் கட்டிய கன்டெய்னரில்தான் போகிறது. பார்த்து டாட்டா காட்டலாம்.

கேஸ் சிலிண்டர் விலை வேறு. மாட்டுக்கறி வேகப் பொறுமை வேண்டும், பொறுமைக்குக் கேஸ் வேண்டும். லாரிக்காரர்களுக்கோ, போன மாதம் கொடுத்த அதே காசு இந்த மாதமும். அதற்கு மேல் ஏற்றினால் எதிர்ப்பக்கம் முட்டைப் பரோட்டா கடைக்குப் போய்விடுவார்கள் என்று அக்காவுக்குப் பயம்.

பெட்டிக்காரர்

சாம்பல் புதன் முடிந்து சில நாளில் அந்த ஆள் வந்தார். பெயர் சொன்னார், மறந்துவிட்டது. ஸ்கூட்டரின் பின்னால் தெர்மாகோல் பெட்டி கட்டியிருந்ததால் பெட்டிக்காரர் என்றே நிலைத்துவிட்டார்.

பெட்டிக்குள் ஐஸ் கட்டிய கறி. கல் மாதிரி. நூர் பாய் விலையை விட நன்றாகவே குறைவு. எங்கிருந்து வருகிறது என்றால், "கம்பெனி மால்க்கா" என்பார். எந்தக் கம்பெனி என்றால், "பெரிய கம்பெனி."

கறியோடு ஒரு சின்ன பாக்கெட் இனாம். வெள்ளைப் பொடி. "ஒரு ஸ்பூன் போட்டுப் பெசறி வெச்சிடுக்கா. ரெண்டே கொதி. கேஸு மிச்சம்."

நான் அந்தப் பாக்கெட்டை வாங்கிப் பார்த்தேன். முன்னால் ஒரு சிரிக்கும் மாட்டின் படம். தன் கறியை மெத்தென்று ஆக்கும் பொடியைப் பார்த்து ஒரு மாடு ஏன் சிரிக்க வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. பின்னால் என்ன எழுதியிருக்கிறது என்று திருப்பினேன். ஒன்றும் எழுதவில்லை.

"இன்னா சேர்மானம்னே போடலையேக்கா" என்றேன்.

"உம் மூஞ்சிலகூடத்தான் போடல. வூட்ல சேத்துகினு கீறோமே."

"உடம்புக்கு எதுனா ஆச்சுன்னா?"

அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள். அவள் கரண்டியை வைத்தால் பேச்சு முடியப் போகிறது என்று அர்த்தம். "நூர் பாய் கறி வாங்குனா நாலு துண்டுதான் போட முடியும். இல்லாங்காட்டி வெல ஏத்தணும். எத்தப் பண்ணாலும் கடை பூடும். ஜெனிக்கு ஆஸ்பத்திரிக்கு நீ துட்டு தர்றியா? தர்றியாடா?"

தவக்காலத்துக்கென்று வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த தயிர்ச்சோற்றைப் பிசைய ஆரம்பித்தேன்.

ரெஜினாவின் ஆய்வுக்கூடம்

கொஞ்சம் விலகிப் போகிறேன். எங்கள் வீட்டில் ரசாயனம் என்றால் என்ன என்று சொன்னால்தான் என் அவஸ்தை உங்களுக்கு விளங்கும்.

என் மனைவி ரெஜினா நாலைந்து வாட்ஸப் குழுக்களில் சேர்ந்தாள். அதிலிருந்து எங்கள் வீட்டில் எந்த உணவும் பரீட்சை எழுதித் தேறாமல் தட்டுக்கு வருவதில்லை. பாலை ஒரு சொட்டு பீரோ கண்ணாடியில் விட்டு, வழிகிற கோட்டைப் பார்க்க வேண்டும். தர்பூசணியை வெள்ளைத் தாளில் ஒற்ற வேண்டும். ஆப்பிளைச் சுரண்ட வேண்டும். மாம்பழத்தை முகர வேண்டும். மீன் வாங்கப் போனால் ஈயைத் தேட வேண்டும். ஈ உட்காராத மீன் மருந்தடித்த மீன்.

காசிமேட்டில் ஒரு மீன்கார அம்மாவிடம் நான் "ஈயே இல்லையே" என்று கேட்டுவிட்டேன். "இன்னா நைனா, ஈ வோணுமா? அத்தயும் கிலோ கணக்குல குடுக்கட்டா?" என்றாள். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். சங்கரா மீனை வாங்கி வந்தேன். ரெஜினா அதை ஒரு மணி நேரம் மஞ்சள் தண்ணீரில் ஊறப்போட்டாள். மஞ்சளில் என்ன கலந்திருக்கிறார்கள் என்ற வீடியோ மறுநாள்தான் வந்தது.

இத்தனைக்கும் வடக்கே அனல்மின் நிலையப் பக்கமிருந்து காற்றடித்தால் கொடியில் காயும் வெள்ளைச் சட்டையைச் சாம்பல் சட்டையாகத்தான் எடுப்போம். சில நாள் காலையில் கண் எரியும். சில நாள் கெட்ட முட்டை வாசனையில் எழுந்திருப்போம். அதற்கெல்லாம் வீட்டில் சோதனை கிடையாது. ஜன்னலைச் சாத்திவிட்டு, பாலைக் கண்ணாடியில் ஊற்றுவோம்.

இந்த வீட்டிலிருந்து கிளம்பிப் போய்த்தான் நான் தினமும் அந்தச் சிரிக்கும் மாட்டுப் பொடி போட்ட அண்டாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தயிர்ச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

வயிறு சரியில்லாத லாரிக்காரர்கள்

பெட்டிக் கறி வந்த முதல் நாள் முனுசாமி அண்ணன் ருசி பார்த்தார். கண்ணை மூடினார். உடனே திறந்தார்.

"ஸ்டெல்லா! பஞ்சு மாறி கீது! இத்தினி வருசத்துல இப்டி ஒரு கறி துன்னதே இல்ல."

அக்காவின் முகத்தில் பாதிக் கவலை இறங்கியது. விலை அதே. துண்டுகள் ஆறுக்கு ஏழாகவே விழுந்தன. கறி பஞ்சு.

ஆனால் ஒரு வாரம் போனபோது அண்டாவில் கறி மிஞ்சியது. அடுத்த வாரம் இன்னும் மிஞ்சியது. முன்பெல்லாம் பெஞ்சில் இடமில்லாமல் லாரிப் படியில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். இப்போது பெஞ்சில் நாய் படுத்திருந்தது.

நான் புத்தகம் படிக்கிறவன். ஆகவே காரணம் கண்டுபிடித்தேன். டீசல் விலை என்றேன். ஏற்றுமதி மந்தம் என்றேன். கோடைக் காலத்தில் மனிதனுக்குப் பசி குறையும் என்று எங்கோ படித்ததையும் சொன்னேன். அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு எலுமிச்சம்பழம் வாங்கி வரச் சொன்னாள், வண்டியில் கட்டித் தொங்கவிட. கண்ணேறு என்பது அவள் முடிவு. சாம்பல் புதன்காரி எலுமிச்சம்பழம் கட்டலாமா என்று நான் கேட்கவில்லை. என் காரணங்களை விட அது மலிவாக இருந்தது.

ஒருநாள் லாரிக்கார டில்லி எதிர்ப்பக்கப் பரோட்டா கடையில் உட்கார்ந்திருப்பதை அக்கா பார்த்துவிட்டாள். டில்லி கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவன். கடை தொடங்கிய நாளிலிருந்து சாப்பிடுகிறவன். அக்கா சாலைக்கு இந்தப் பக்கமிருந்தே கத்தினாள்.

"டேய் டில்லி! இன்னாடா அங்க குந்திகினு கீற?"

டில்லி பரோட்டாவை மறைக்கப் பார்த்தான். பரோட்டா மறைகிற பொருள் இல்லை. "வயிறு சரியில்லக்கா!"

"வயிறு சரியில்லாதவன் முட்டப் பரோட்டாவாடா துன்னுவான்?"

அவன் பதில் சொல்வதற்குள் நடுவே ஒரு டிரெய்லர் வந்து நின்றுவிட்டது. அது நகர்ந்தபோது டில்லி இல்லை.

அக்கா மெல்ல வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். நாய் எழுந்து இடம் விட்டது. "எல்லாருக்குமே வயிறு சரியில்லன்றானுங்கடா. இன்னா எழவு இது? எவனும் ஒண்ணும் சொல்லமாட்றான்."

எங்கள் பக்கத்தில் மனிதர்கள் எதையும் மனதில் வைத்துக்கொள்கிறவர்கள் இல்லை. பஸ்ஸில் காலை மிதித்தால் மிதித்தவனின் மூன்று தலைமுறைக்கும் சேதி போகும். ஆனால் சோறு போட்ட கையிடம் சோறு சரியில்லை என்று மட்டும் சொல்லமாட்டார்கள். சாப்பிடுவார்கள். கை கழுவுவார்கள். "வரேங்க்கா" என்பார்கள். வரமாட்டார்கள்.

கரண்டிக்குத் திரும்புவோம்

அதற்கு மறுநாள்தான் அந்தக் கரண்டி.

"முனுசாமிண்ணன் பஞ்சுன்றாரு. இவனுங்க ஓடிப் போறானுங்க. எனுக்கு வாய் கட்டிக் கெடக்குது, ஜெனிக்காக. ஒன்ன விட்டா யாராண்டடா நான் போவேன்? கடை பூடுச்சின்னா அப்பால தவமிருந்து இன்னா பண்றது?"

சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். வியர்வையாகவும் இருக்கலாம்.

நான் வாயைத் திறந்தேன்.

மென்றேன் என்று சொல்ல முடியாது. மெல்ல ஆரம்பிப்பதற்குள் அது முடிந்துவிட்டது. பல் பட்டதும் கறி தானாகவே ராஜினாமா செய்தது. நார் இல்லை, கடி இல்லை. மசாலா ருசி இருந்தது. அதற்குப் பின்னால், டார்ச் லைட் பேட்டரியை நாக்கில் வைத்தால் சுரீர் என்று வருமே, அப்படி ஒன்று மெல்ல எழுந்து உட்கார்ந்தது.

"சொல்லு" என்றாள் அக்கா.

"குழம்பு நல்லாருக்குக்கா."

"கொழம்ப யாரு கேட்டா?"

"கறியே இல்லக்கா. கறி மாதிரி ஒண்ணு. ஊறுன பிஸ்கெட்ட மசாலாவுல போட்டாப்ல."

முனுசாமி அண்ணன் பாய்ந்தார். "இன்னா நீ, படிச்சவன்னு இன்னா வோணா பேசுவியா? நான் தெனிக்கும் துன்றேன். எம்மா மெத்துன்னு கீது! போன வருசம் இவ கறிய மெல்லத் தாடை வலிச்சிது. இப்ப வலியே இல்ல. அது கறியோட கொணம் இல்லாம இன்னா?"

"போன வருசம் வலிச்சுதா? நீ சொல்லவேயில்லையேண்ணே" என்றாள் அக்கா.

"சொல்லல. அதுக்கப்பறம்தான அத்தினியும் புடுங்கிட்டு செட்டு மாட்டிகினேன்."

"இன்னா செட்டு?"

அண்ணன் வாயில் கையை விட்டு, மேலும் கீழுமாக இரண்டு வரிசையையும் எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். பளபளவென்று இருந்தன. நாங்கள் இருவரும் அந்தப் பற்களையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"தைப்பூசத்துக்கு முன்னாடியே மாட்டிகினேனே. நீ பாக்கல?" என்றார், பல்லில்லாமல், கொஞ்சம் வருத்தமாக.

ருசி பார்க்காமல் சமைக்கிறவள் ஒருத்தி. அவளுக்காக ருசி பார்த்தவருக்குப் பல் செட்டு. அந்தப் பல் செட்டின் சிபாரிசில் லாரிக்காரர்களுக்குக் கறி.

அக்கா சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. அண்டாவை மூடி, அடுப்பை அணைத்தாள். அன்று வந்த ஓரிரண்டு பேருக்கு ரசமும் சோறும் போட்டு, காசு வேண்டாம் என்றுவிட்டாள்.

பெரிய கம்பெனிக்கு ஒரு பதில்

மறுநாள் காலை பெட்டிக்காரர் வந்தார். நான் ஆபீசுக்குப் போகிற வழியில் அங்கே நின்றிருந்தேன், வேடிக்கைக்கு.

"இன்னிக்கு வோணாம்" என்றாள் அக்கா.

"நாளைக்குக்கா?"

"என்னிக்குமே வோணாம்."

அவர் ஆச்சரியப்படவில்லை. பெட்டியை மறுபடி கட்டியபடியே, "யாருக்கா இப்ப மருந்தில்லாத பொருளத் துன்றான்? கோழி, மீனு, காய்கறி, பாலு, எல்லாத்துலயும்தான் கீது. நீ ஒருத்தி வோணான்னா நின்னுடுமா?" என்றார்.

"நிக்காது. என் அண்டாவுல நிக்கும்."

"அப்ப வெல ஏத்துவியே. எவன் வருவான்?"

அது அக்காவே ராத்திரியெல்லாம் கேட்டுக்கொண்ட கேள்வி. அவர் ஸ்கூட்டரை உதைத்துக் கிளம்பினார். மோசமான ஆளாகத் தெரியவில்லை. அவர் வீட்டிலும் ஒரு ஜெனிஃபர் இருக்கலாம்.

நான் அரை நாள் லீவு சொல்லிவிட்டு அக்காவோடு ஷேர் ஆட்டோவில் புளியந்தோப்புக்குப் போனேன். நூர் பாய் எங்களைப் பார்த்தும் பார்க்காதது போல எலும்பு வெட்டிக்கொண்டிருந்தார்.

"பாய்."

"யாரு? ஸ்டெல்லாம்மாவா? புது தோஸ்து கெடச்சிட்டாங்கன்னு கேள்விப்பட்டேன்."

"குத்திக் காட்டாத பாய். கறி போடு."

"வெல இன்னும் ஏறியிருக்கு." கத்தியைக் கீழே வைத்தார்.

"ஏறட்டும். போடு."

அவர் விலையில் ஒரு பைசா குறைக்கவில்லை. ஆனால் துண்டு போடும்போது, "பல்லு இருக்கறவங்களுக்கா, இல்லாதவங்களுக்கா?" என்று கேட்டார். முனுசாமி அண்ணனின் புகழ் எங்களுக்கு முன்பே ஆட்டோ பிடித்துப் போயிருந்தது.

நாலு

அன்று மதியம் அக்கா வண்டிக்கு முன்னால் வந்து நின்று, வரிசையில் நின்ற லாரிகளைப் பார்த்துப் பொதுவாகப் பேசினாள். அதைப் பேச்சு என்றும் சொல்லலாம், சண்டை என்றும் சொல்லலாம்.

"தோ பாருங்க. மூணு வாரமா ஐஸ் கறி போட்டேன். பொடி போட்டேன். எனுக்கே தெரியாமப் போட்டேன்னு சொல்லமாட்டேன், தெரிஞ்சிதான் போட்டேன். கட்டுப்படி ஆவல. இன்னியிலேர்ந்து பழைய கறி. வெல ஜாஸ்தி. நாலு துண்டுதான். வோணும்ன்றவன் குந்து. வோணான்றவன் பரோட்டா துன்னு. வயிறு சரியில்லன்னு மட்டும் எவனும் எங்கிட்ட சொல்லாத!"

ஒரு கிளீனர் லாரிக்கு மேலிருந்து விசிலடித்தான். கொஞ்ச நேரம் யாரும் வரவில்லை. அக்கா சோற்றுப் பானையை மூன்று முறை துடைத்தாள். நான் மணி பார்த்தேன், வாட்ச் கட்டாத கையில்.

பிறகு டில்லி வந்தான். பெஞ்சில் உட்கார்ந்தான். அக்கா போட்டாள். அவன் தட்டைப் பார்த்தான்.

"நாலு?"

"நாலு."

முதல் துண்டை வாயில் போட்டான். மென்றான். மென்றுகொண்டே இருந்தான். தாடை ஏறி இறங்கியது, கன்னத்தில் ஒரு நரம்பு எழுந்தது. ஒரு மனிதன் சாப்பிடுவதை அவ்வளவு கவலையோடு நான் அதற்கு முன் பார்த்தது, என் மகனுக்கு முதல் சோறு ஊட்டியபோதுதான்.

கடைசித் துண்டு முடிந்து, பல்லிடுக்கில் மாட்டிய நாரைக் குச்சியால் எடுத்து, அதையும் தின்றான்.

"இன்னாடா?" என்றாள் அக்கா.

"நாளைக்கு வரமாட்டேன்."

அக்கா கரண்டியைப் பிடித்தபடி நின்றாள்.

"ஓசூர் லோடு. நாளன்னிக்குதான் வருவேன். எனுக்கு எடுத்து வெய்யி."

எல்லோரும் திரும்பினார்கள் என்று எழுத ஆசைதான். திரும்பவில்லை. வழக்கமாக வந்தவர்களில் ஒரு பங்கு பரோட்டாவோடு நின்றுவிட்டது. விலை அப்படி. சிலர் கறி வேண்டாம், குழம்பும் சோறும் போதும் என்றார்கள். அதற்கு அக்கா தனி விலை வைத்தாள். அண்டாவைச் சின்னதாக்கி, ருசி பார்க்கப் பல் செட்டையும் கூப்பிடாமல், கைக்கணக்கிலேயே சமைத்தாள். ஆனால் கறி மிஞ்சவில்லை. வாடகை கொடுத்தாள். பெஞ்சை விட்டு நாய் எழுந்தது.

என் விஷயத்தை நான் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன். ஃபாதர் கொஞ்சம் யோசித்தார். "தவக்காலத்துல மாட்டுக்கறி சாப்பிட்டீங்க. எப்படி இருந்தது?"

"நல்லாவே இல்ல ஃபாதர்."

"அப்ப அதுவே ஒறுத்தல்தான். தனியாப் பரிகாரம் வேணாம். போய்ட்டு வாங்க."

ஈஸ்டர் காலை

ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழனன்று ஜெனிஃபருக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம். எடை எவ்வளவு என்று கேட்டதற்கு மாமா படுத்தபடியே, "நூர் பாய் ரெண்டரைக் கிலோ கட்டுவாரே, அந்த சைஸு" என்றார்.

ஈஸ்டர் பூசை முடிந்த காலையில் எல்லோரும் அக்கா வீட்டில் கூடினோம். ஆப்பமும் மாட்டுக்கறிக் குழம்பும். கடைக்கு வைக்கிற அதே கைப்பக்குவம், அதே அளவு. ரெஜினாகூட எதையும் தாளில் ஒற்றிப் பார்க்காமல் உட்கார்ந்தாள்.

வேண்டுதல் முடிந்தவள் என்பதால் அக்காதான் முதலில். சிலுவை போட்டாள். ஒரு துண்டை எடுத்தாள். மென்றாள். நாங்கள் காத்திருந்தோம்.

அவள் நெற்றி சுருங்கியது.

"உப்பே இல்லியேடா."

நான் ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்தேன். எனக்குச் சரியாகத்தான் இருந்தது. ஆனால் எனக்குப் பிரஷர். என் நாக்கிலிருந்து ரெஜினா உப்பை எடுத்துப் பல வருடம் ஆகிறது. ரெஜினா ருசி பார்த்தாள். "ஆமா அண்ணி. உப்பு ரொம்பக் கம்மி."

"இதே அளவுதான் கடையிலயும் போட்டேன். தெனிக்கும்." அக்கா தட்டைப் பார்த்தாள். "நாலு துண்டு. ஜாஸ்தி காசு. உப்பும் இல்ல. துன்னுட்டு துன்னுட்டு மறுநாளும் வந்து குந்துனானுங்களே!"

உள்ளே குழந்தை அழுதது. அக்கா எழுந்து போகவில்லை.

"பேமானிப் பசங்க" என்றாள், மெதுவாக. "ஒருத்தன், ஒருத்தன் சொல்லலியே."

பிறகு உப்பு ஜாடியை இழுத்து, ஒரு சிட்டிகை எடுத்துத் தன் தட்டில் மட்டும் தூவிக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தாள்.